ஆறரை லட்சம் ரேண்ட் காருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தைப்பூசக் காவடி நாளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோயில்களுக்கு வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கேள்வி எழும். கோல்ஃப் ஜிடிஐ, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஃபார்ச்சூனர், ரேஞ்சர் டபுள் கேப் என்று வரிசை தெருமுனை வரை போகிறது. நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் புறநகர்களில் சின்ன வீட்டு முற்றத்தில்கூட, வீட்டு விலையில் பாதிக்கு வரும் வண்டி நிற்கிறது. "என்ன வேலை பாக்குறாங்க? எப்படிக் கட்டுபடி ஆகுது?" சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரே மாதிரி சம்பளம் வாங்கும் இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாகக் கட்டி முடிக்கிறார்; இன்னொருவர் மூன்றாம் ஆண்டே வண்டியை வங்கியிடம் விட்டுவிடுகிறார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். வண்டி விலை 6,50,000 ரேண்ட், வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு மூன்றரை சதவீதம் சேர்ந்தது. 2020இல் அது 7 சதவீதம் வரை இறங்கியது, 2023 மே மாதம் 11.75 வரை ஏறியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. வாங்குபவரின் கடன் வரலாற்றைப் பார்த்து வங்கி பிரைமுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ தரும்.

முன்பணம் இல்லாமல் 72 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 12,370 ரேண்ட். ஆறு ஆண்டில் கட்டும் மொத்தம் 8,90,800. வட்டி மட்டும் 2,40,800.

அதே வண்டிக்கு 20 சதவீதம், அதாவது 1,30,000 ரேண்ட் முன்பணம் வைத்து 54 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 12,250. ஏறக்குறைய அதே தவணைதான். ஆனால் ஒன்றரை ஆண்டு முன்னதாகவே முடிகிறது. வட்டி 1,41,600 மட்டுமே. ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பணம் கையில் நிற்கிறது. விலையுயர்ந்த கார் வைத்திருந்தும் கடனில் முங்காதவர்கள் செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த 1,30,000 எங்கிருந்து வரும்? பழைய வண்டியின் தவணை முடிந்ததும் அதை விற்றுவிடாமல் மூன்று ஆண்டு ஓட்டுவதிலிருந்து. கட்டி முடித்த தவணையில் 3,200 ரேண்ட்டை மட்டும் மாதாமாதம் 32 நாள் நோட்டீஸ் கணக்கில் (32 நாள் முன்பே சொல்லித்தான் பணம் எடுக்க முடியும்) போட்டால், 8 சதவீத வட்டி கிடைத்தால் 36 மாதத்தில் சுமார் 1,30,000 சேர்ந்துவிடும். 65 வயதுக்குக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரை வட்டி வருமானத்துக்கு வரி கிடையாது. எனவே வேறு பெரிய சேமிப்பு இல்லாதவருக்கு இந்த வட்டிமேல் வரி வராது. அரசு வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் நர்சுகளுக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் பிறந்த மாதத்தில் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தீபாவளிக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ ஒட்டி வராததால், அதை அப்படியே இந்தக் கணக்குக்குத் தள்ளுவது மற்றவர்களைவிட அவர்களுக்குச் சுலபம். மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டே ஆண்டில் முன்பணம் சேர்த்த ஆசிரியர் குடும்பங்கள் இப்படித்தான் சேர்த்தன.

2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் 'இரண்டு பானை' முறை வந்த பிறகு, சேமிப்புப் பானையிலிருந்து எடுத்து முன்பணம் கட்டும் பழக்கமும் வந்திருக்கிறது. எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வருமானத்துக்குரிய வரி விகிதத்தில் வரி போகும். 36 சதவீதப் படியில் இருப்பவர் 30,000 எடுத்தால் கைக்கு வருவது 19,200. மீதி வரிக்குப் போகிறது, ஓய்வுக்காலப் பணமும் குறைகிறது. காருக்காக இதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி பலூன் தொகை. தவணையைக் குறைத்துக் காட்ட டீலர்ஷிப்பில் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். 30 சதவீதத்தை, அதாவது 1,95,000 ரேண்ட்டைக் கடைசிக்குத் தள்ளினால் 72 மாதத் தவணை 12,370இலிருந்து சுமார் 10,450க்கு இறங்கும். மாதம் 1,920 மிச்சம் என்று தோன்றும். ஆனால் மொத்த வட்டி 2,97,000ஐத் தாண்டிவிடுகிறது. 56,000 ரேண்ட்டுக்கு மேல் கூடுதல். எழுபத்திரண்டாம் மாதம் 1,95,000 ரேண்ட்டை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு ஆண்டுப் பழைய வண்டிக்குப் புதுக் கடன் எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நடுவிலேயே வருகிறது. மூன்று ஆண்டு கழிந்ததும் பலூன் வைத்தவர் பாக்கி இன்னும் சுமார் 4,59,500. பலூன் வைக்காதவர் பாக்கி 3,78,000. டீலர் அந்த வண்டியை 3,70,000க்கு எடுத்துக்கொள்வார் என்றால், முன்னவருக்குக் கிட்டத்தட்ட 90,000 ரேண்ட் குழி விழுகிறது. "பரவாயில்லை, அதையும் புது வண்டிக் கடனில் சேர்த்துக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். அங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. இரண்டாம் வண்டியின் கடன் அதன் விலையைவிட 90,000 கூடுதலாகத் தொடங்குகிறது, மூன்றாம் வண்டிக்குக் குழி இன்னும் ஆழமாகிறது. வாசலில் நிற்கும் வண்டி மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது வசதியாகத் தெரியும்.

டீலர் தரும் மேற்கோள் தாளை வரி வரியாகப் படிக்க வேண்டும். மேலே வண்டி விலை, 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்து. அதன் கீழே உரிமம், நம்பர் பிளேட், 'ஆன் தி ரோட்' கட்டணம். அடுத்து கண்ணாடியை உடைத்துப் பொருளைப் பறிப்பதைத் தடுக்கும் ஸ்மாஷ் அண்ட் கிராப் படலம், டயர்-ரிம் காப்பீடு, கீறல்-நசுங்கல் காப்பீடு, நீட்டித்த வாரண்டி, பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு, திருடுபோனால் வண்டி இருக்குமிடம் காட்டும் டிராக்கர், கடன் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றும் "மாசம் நூத்தி சொச்சம்தான்" என்று சொல்லப்படும். இவை சேர்ந்து 45,000 ஆகி, அது கடனுக்குள் போனால் மாதம் 857 ரேண்ட் கூடும், ஆறு ஆண்டில் 61,700 கட்டி முடிப்பீர்கள். டிராக்கர் வேண்டும், கண்ணாடிப் படலமும் நம் ஊர்ச் சிக்னல்களில் தேவைதான். இரண்டையும் வெளியே தனியாக விலை கேட்டுக் கையிலிருக்கும் பணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வங்கியோ சட்டமோ கட்டாயமாக்காத மற்றவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் புதுத் தாள் கேளுங்கள். கடன் தொடக்கக் கட்டணத்துக்குச் சட்ட வரம்பு வாட் சேர்த்து 1,207.50 ரேண்ட், மாதச் சேவைக் கட்டணத்துக்கு 69 ரேண்ட். அதற்கு மேல் எந்தப் பெயரில் வந்தாலும் என்னவென்று கேட்கலாம். வட்டி நிலையானதா, பிரைமோடு சேர்ந்து மாறுவதா என்ற ஒற்றைச் சொல்லும் அந்தத் தாளில் இருக்கும். மாறும் வட்டியில், முன்பணம் இல்லாத அந்த 72 மாதக் கடனுக்கு 7 சதவீதத்தில் தவணை 11,080; 11.75இல் 12,620. குறைந்த வட்டிக் காலத்தில் கையெழுத்துப் போடுபவர் வட்டி உச்சத்தில் இருக்கும்போது வரும் தவணையை வைத்துத் தன் சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: முழுதாக இறக்குமதியாகும் காருக்குச் சுங்கம் 25 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தால் 18. அதற்கு மேல் விலை ஏற ஏற உயரும் ஆடம்பர வரி, உச்சம் 30 சதவீதம். கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றினால் அதற்கும் வரி. எல்லாவற்றின் மேலும் வாட்.

தவணை மட்டும் செலவில்லை. 12,300 தவணைக்கு இன்சூரன்ஸ் 2,000, பெட்ரோல் 3,500, டிராக்கர் 200, டயருக்கும் பிரேக்குக்கும் எடுத்துவைக்க 1,000 சேர்த்தால் மாதம் 19,000 ரேண்ட். கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வண்டிக்குப் போகக் கூடாது என்று எடுத்துக்கொண்டால், 76,000 கைக்கு வருபவருக்கான கார் இது. 45,000 கைக்கு வருபவரும் வங்கியின் கணக்கில் தேறிவிடலாம், ஏனென்றால் வங்கி பேஸ்லிப், ஸ்டேட்மெண்ட், கடன் வரலாறு, நாம் எழுதிக் கொடுக்கும் செலவு ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. அப்பாவின் மருந்துச் செலவும் தங்கையின் பல்கலைக்கழகக் கட்டணமும் நாம் எழுதாவிட்டால் வங்கிக்குத் தெரியாது.

பெரிய ஜெர்மன் வண்டிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சர்வீசையும் பழுதையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் மோட்டார் பிளான் பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதோடு முடியும். கடனோ 72 மாதம். ஆக, கடைசி ஓராண்டு தவணையும் கட்ட வேண்டும், பழுதுச் செலவும் சொந்தக் கையிலிருந்து. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர் ஒரு நாளைக்கு 160 கிலோமீட்டர், மாதம் 3,500 ஓட்டுகிறார். இரண்டரை ஆண்டு ஆகும் முன்பே ஒரு லட்சம் வந்துவிடும். அதற்குப் பிறகு சஸ்பென்ஷன் ஆர்ம், வாட்டர் பம்ப், டர்போ என்று ஒவ்வொன்றாக வரும். 20 அங்குல ரிம்மில் ரன்ஃபிளாட் டயர் ஒன்றின் விலை 6,000 ரேண்ட்டைத் தாண்டுவது சாதாரணம். நம் சாலைக் குழிகள் அந்த மெல்லிய டயர் ஓரத்தை விட்டுவைப்பதில்லை. அந்த N3 நெடுஞ்சாலையில் தினம் ஓடுபவருக்கு என் பரிந்துரை: ஒரு படி கீழே இறங்கி, 17 அங்குல ரிம் உள்ள வண்டியாக வாங்குங்கள்.

இனி வேலைகள். ஒவ்வொரு வேலையிலும் பணம் வரும் விதம் வேறு, தப்பு நடக்கும் இடமும் வேறு.

இளம் மருத்துவர், கணக்காளர், பொறியாளர், வக்கீல் ஆகியோருக்குப் படிப்பு முடிந்த கையோடு வங்கி தனிப் பிரிவில் சேர்த்துக்கொண்டு முன்பணம் இல்லாமல் முழுக்கடன் தருகிறது. மருத்துவருக்கு இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், ஓராண்டு கட்டாயச் சமூக சேவை. அந்த மூன்று ஆண்டும் அரசு மருத்துவமனையின் மிகைநேரப் படியோடு நல்ல சம்பளம் வரும். ஆனால் சேவை ஆண்டு முடிந்ததும் அரசு இடம் நிச்சயமில்லை. பணியிடம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் டாக்டர்களைப் பற்றிச் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இன்டர்ன்ஷிப்பில் 72 மாதக் கடன் எடுப்பவர், தன் ஒப்பந்தத்தைவிட இரண்டு மடங்கு நீளமான கடனை எடுக்கிறார். சமூக சேவை முடிந்து நிரந்தர இடம் கிடைக்கும்வரை போலோவோ கொரோலாவோ போதும்.

தனியாகக் கிளினிக், மருந்துக்கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்குச் சிக்கல் வரியில் வருகிறது. இவர்கள் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் தற்காலிக வரி கட்ட வேண்டியவர்கள். மாதம் 1,20,000 வரவு என்று கணக்கில் தெரியும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வரித்துறையான சார்ஸுக்குச் சொந்தம். அதைத் தனிக் கணக்கில் ஒதுக்காமல், முழு வரவையும் வைத்துக் கார் தவணையை முடிவு செய்தவர் முதல் ஆகஸ்டிலேயே தடுமாறுவார். வரவு விழும் நாளிலேயே 35 முதல் 40 சதவீதத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தைத்தான் தன் சம்பளமாக நினைக்க வேண்டும்.

கம்பெனிக் கார் கிடைப்பவர்கள் அதை இலவசம் என்று எண்ணுகிறார்கள். பராமரிப்புத் திட்டத்தோடு வாங்கிய வண்டியென்றால் அதன் மதிப்பில் மாதம் 3.25 சதவீதம் ஊழியரின் வருமானமாகச் சேரும். திட்டம் இல்லையென்றால் 3.5. 9,00,000 ரேண்ட் வண்டிக்கு அது மாதம் 29,250. அதில் 80 சதவீதம், 23,400, மாதாமாதம் வரிக்கு உட்படும். 41 சதவீதப் படியில் இருப்பவருக்குச் சுமார் 9,600 ரேண்ட் சம்பளத்திலிருந்து போகிறது. இதைத் திரும்பப் பெறும் ஒரே வழி லாக்புக். தேதி, தொடக்க-முடிவு ஓடோமீட்டர் அளவு, எங்கிருந்து எங்கே, என்ன வேலை என்று ஒவ்வொரு தொழில் பயணத்துக்கும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் போவது சொந்தப் பயணம், சேராது. வரி ஆண்டு தொடங்கும் மார்ச் 1ஆம் தேதி ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்துத் தொடங்குங்கள். பிப்ரவரியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய லாக்புக் சார்ஸ் கேள்வி கேட்டால் நிற்காது.

துறைமுகத்தை நம்பி லாரி ஓட்டும் குடும்பங்களில், நீடித்து நிற்பவர்கள் முதல் லாரியின் கடன் தீர்ந்த பிறகே சொந்தக் காரை மாற்றினார்கள். சரக்குப் பணம் 30 நாள், 60 நாள் கழித்து வருகிறது. டீசலும் டிரைவர் சம்பளமும் அன்றன்றைக்கே. வாட் பதிவு செய்த தொழிலில் இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: டபுள் கேப் பக்கி (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சரக்குத் தட்டும் உள்ள வண்டி) வாங்கினால் வாட்டைத் திரும்பப் பெறலாம் என்று. ஒரே வரிசை இருக்கை உள்ள சிங்கிள் கேபுக்குப் பெறலாம். டபுள் கேப், வாட் சட்டப்படி மோட்டார் கார், பெற முடியாது. 7,50,000 ரேண்ட் ரேஞ்சரில் அது 97,800 ரேண்ட் வித்தியாசம். தெரியாமல் கோரிக்கை போட்டவர் பிறகு அபராதத்தோடு கட்டுகிறார்.

மீதியிருப்பது இருபத்து நான்கு வயதில் ஜிடிஐ ஓட்டும் பையன். வாடகை கிடையாது, சாப்பாடு அம்மா கையால். முற்றத்தில் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கின் வாடகை அப்பாவுக்கு வருகிறது. அவன் சம்பளத்தில் பாதி வண்டிக்குப் போனாலும் குடும்பம் தாங்குகிறது. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகும் வரை இது ஓடும். அந்தத் தேதிக்கு முன் கடன் முடிகிறதா என்பதை மட்டும் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதே வீட்டில் ஓர் ஆபத்தான பழக்கம் இருக்கிறது. 25 வயதுக்குக் கீழானவருக்குப் பிரீமியம் அதிகம் என்பதால் அப்பாவை 'வழக்கமான ஓட்டுநர்' என்று போட்டு இன்சூரன்ஸ் எடுப்பது. விபத்து நடந்ததும் காப்பீட்டு நிறுவனம் முதலில் விசாரிப்பது யார் தினமும் ஓட்டினார் என்பதைத்தான். பொய் தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். வண்டி நொறுங்கிக் கிடக்க, ஐந்து லட்சம் கடன் மட்டும் நிற்கும். டிராக்கர் கட்டாயம் என்று பாலிசியில் இருந்து, மாதச் சந்தா நின்று போயிருந்தாலும் திருட்டுக் கோரிக்கை இப்படியே விழும். டெலிவரி நாளில் நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சை வைத்துத் தேங்காய் உடைப்பதற்கு முன், பாலிசியில் ஓட்டுநர் பெயர், இரவில் வண்டி நிற்குமிடம், சாஸ்ரியா (அரசின் கலவரக் காப்பீட்டு நிறுவனம்) பகுதி, கடன் பற்றாக்குறைக் காப்பு (காப்பீட்டுத் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது) ஆகிய நான்கையும் படித்துவிடுங்கள். கலவரச் சேதத்துக்கு சாஸ்ரியா காப்புத்தான் பணம் தரும். 2021 ஜூலைக் கலவரத்தில் அது இல்லாதவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுக் கடனில் முன்னதாகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க விடும் அக்சஸ் பாண்டிலிருந்து பணம் எடுத்துக் கார் வாங்குவது பற்றி இரண்டு விதமாகவும் அறிவுரை கேட்டிருப்பீர்கள். வட்டி சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனால் 5,20,000 ரேண்ட்டை 10.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 5,190தான், வட்டி மட்டும் 7,26,000. பாண்டில் எடுத்தால் 54 மாதத்தில் முடியும் அளவுக்கு அதிகத் தொகையை டெபிட் ஆர்டராகப் போட்டுவிட வேண்டும். அந்த ஒழுங்கு வராதென்றால் கார் கடனே மேல்.

கட்ட முடியாத நிலை வந்தால் என்ன செய்வது? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலை மாதக்கணக்கில் நின்றதுபோல, யார் தவறும் இல்லாமல் வருமானம் அறுந்துபோகலாம். மூன்று மாதத் தவணை தனியாகக் கையில் இருந்தால் முடிவெடுக்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள், தவணை தவறும் முன், வங்கியிடம் செட்டில்மென்ட் தொகை கேட்டு, வண்டியை நீங்களே விற்கப் பாருங்கள். கடன் ஓடும்வரை பதிவில் வங்கிதான் உரிமைப்பத்திரக்காரர். வாங்குபவர் வங்கிக்கே நேராகப் பணம் கட்டி, பத்திரம் விடுபட்ட பிறகு பெயர் மாற்ற வேண்டும்.

வங்கியிடமே ஒப்படைப்பதானால் தேசியக் கடன் சட்டத்தின் 127ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்தில் கொடுத்தால், வண்டியைப் பெற்ற வங்கி பத்து வேலை நாளில் மதிப்பைத் தெரிவிக்க வேண்டும். தவணை பாக்கி இல்லாதவர் அடுத்த பத்து வேலை நாளுக்குள் மனம் மாறித் திரும்பப் பெறலாம். ஒப்படைத்தால் கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஏலத்தில் போன விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். "தவணையை நான் கட்டிக்கிறேன், வண்டியைக் குடுங்க" என்று வருபவரிடம் மட்டும் சாவியைக் கொடுக்கவே கூடாது. ஒப்பந்தம் உங்கள் பெயரில், வண்டி அவர் கையில், இன்சூரன்ஸ் யார் பெயரிலும் செல்லாது. இரண்டு மாதம் கட்டிவிட்டு அவர் தொலைபேசியை அணைத்துவிட்டால் வங்கி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பணம் வந்து முன்கூட்டியே முடிக்க நினைப்பவருக்கும் ஒரு விதி. 2,50,000 ரேண்ட்டுக்கு மேற்பட்ட கடனை முன்னதாகத் தீர்த்தால் மூன்று மாத வட்டி வரை வங்கி கேட்கலாம். மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டால் அது இல்லை. மாதம் 1,000 ரேண்ட் கூடுதலாகக் கட்டி வந்தால், முதலில் பார்த்த முன்பணம் இல்லாத 72 மாதக் கடன் ஏழு மாதம் முன்னதாக முடிந்து, 26,000 ரேண்ட் மிச்சமாகும். கூடுதல் பணம் அசலில்தான் போகிறதா என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள். கடைசித் தவணைக்குப் பிறகு வங்கியிடம் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, டெபிட் ஆர்டர் நின்றுவிட்டதா என்று அடுத்த மாத ஸ்டேட்மெண்டிலும் சரிபாருங்கள். கடன் ஆயுள் காப்பீடு சில சமயம் தனி டெபிட் ஆர்டராக ஓடிக்கொண்டே இருக்கும்; அதை நிறுத்தும்படி நீங்களே எழுத்தில் கேட்க வேண்டும்.